வீட்டு வைஃபையில் தெரியாத சாதனம் இணைந்திருக்கிறது. அது யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பக்கத்து வீட்டுக்காரர்மீது சந்தேகம் வந்துதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தயவுசெய்து அவர்களிடம் இன்னும் வாயைத் திறக்காதீர்கள்.

என் அண்ணன் வீட்டிலும் ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் (உலாவியில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று கொடுத்தால் பெரும்பாலும் வரும்) பெயரில்லாத ஒரு சாதனம் தெரிந்தது. எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன்தான் என்று அண்ணி முடிவே கட்டிவிட்டார். கேட்கக் கிளம்பியவரை நான்தான் தடுத்தேன். அந்தச் சாதனத்தின் மேக் முகவரியில் (வலையமைப்பில் ஒவ்வொரு சாதனத்தையும் அடையாளம் காட்டும் 12 இலக்கக் குறி; எண்களும் A முதல் F வரையான ஆங்கில எழுத்துகளும் கலந்தது) இரண்டாவது இடத்தில் ‘ஏ’ (A) இருந்தது. அந்த இடத்தில் 2, 6, ஏ (A), ஈ (E) இவற்றில் ஒன்று இருந்தால், அது பொதுவாகத் தயாரிப்பாளர் பதித்த முகவரி அன்று. சாதனம் தானாக உருவாக்கிக்கொண்டது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்த பிறகு கைப்பேசிகளும் டேப்லெட்டுகளும் இப்படித்தான் தம் உண்மை முகவரியை மறைக்கின்றன. முதல் ஆறு இலக்கங்களைத் தேடித் தயாரிப்பாளரைக் கண்டுபிடிக்கும் வழி இங்கே பயன்படாது. ஆகவே வீட்டிலிருந்த ஒவ்வொரு சாதனத்தின் வைஃபை அமைப்பையும் திறந்து முகவரியை ஒப்பிட்டேன். அண்ணன் மகளின் டேப்லெட்டில் அதே முகவரி! ஒரு பாவமும் அறியாத பையன்மீது திருட்டுப் பட்டம் விழவிருந்தது. அதைத் தடுத்ததில் எனக்கு இன்றும் பெருமைதான்.

அணைத்துவைத்த சாதனமும் சில ரௌட்டர்களின் பட்டியலில் நெடுநேரம் நிற்கும். ரௌட்டர் ஒவ்வொரு சாதனத்துக்கும் குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கும் எண்ணான ஐபி முகவரியின் ஒதுக்கீட்டுக் காலம் முடியாததே காரணம். இப்போது இணைந்திருப்பதைப் பார்க்க வலையமைப்பில் உள்ள சாதனங்களைத் தேடிக் காட்டும் என்மேப் (Nmap) போன்ற கருவியை ஓட்டுங்கள்.

“மேக் முகவரியைப் போலியாக மாற்றலாமே” என்று யாராவது கீழே எழுதுவார்கள். மாற்றலாம், மறுக்கவில்லை. அதனால்தான் மேக் வடிகட்டியை (மேக் முகவரியைப் பார்த்துச் சாதனங்களை அனுமதிக்கும் அல்லது தடுக்கும் ரௌட்டர் வசதி) நம்பச் சொல்லவில்லை. எல்லாம் ஒப்பிட்டும் ஒன்று மிஞ்சினால் கடவுச்சொல்லை மாற்றுங்கள். கடவுச்சொல் இல்லாமலே ஒரு பொத்தானாலோ எண்ணாலோ சாதனத்தை இணைக்கும் டபிள்யூபிஎஸ் (WPS) வசதியையும் ரௌட்டரில் அணையுங்கள். அதன் 8 இலக்க எண்ணை அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் பிடித்துவிடலாம் என்பது 2011-லேயே வெளிவந்துவிட்டது.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. அண்ணன் வீட்டில் இணைப்புக் கொடுக்க வந்தவர், அண்ணனுடைய கைப்பேசி எண்ணையே வைஃபை கடவுச்சொல்லாக வைத்துவிட்டுப் போயிருந்தார். ரௌட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லைக் கேட்டால், “அதெல்லாம் வாடிக்கையாளருக்குத் தருவதில்லை” என்றது அந்த நிறுவனம். மாதாமாதம் பணம் கட்டுபவர் தன் வீட்டு வாசல் சாவிக்குக் கெஞ்ச வேண்டுமா? பலமுறை சண்டை போட்ட பிறகுதான் கொடுத்தார்கள். நீங்களும் கேட்டு வாங்குங்கள், விடாதீர்கள்.