தங்கச்சி படம்தான் பார்த்தாள், அதனால் என்ன?

கேள்வி: எனக்கு 24 வயது. பத்து வயதில் மாமா ஒரு பெட்டி நிறைய ஸ்பைடர்மேன் காமிக்ஸ் தந்தார். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. சூப்பர்ஹீரோ படம் எது வந்தாலும் முதல் நாளே போய்விடுவேன், ஆனால் பாதியிலேயே கோபம் வந்துவிடும். எதை மாற்றியிருக்கிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன். இப்போது நண்பர்கள் என்னைக் கூப்பிடுவதே இல்லை. போன மாதம் என் 15 வயதுத் தங்கச்சி 'ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்' பார்த்துவிட்டு ஓடிவந்து, இடிபாட்டுக்குள் அவன் சிக்கும் காட்சியைச் சொன்னாள். "அது 33ஆம் இதழில் எப்போதோ வந்தது. அதைப் படிக்காத நீ ரசிகையே இல்லை" என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து அவள் என்னோடு படங்களைப் பற்றிக் கதைப்பதில்லை. இந்தப் படங்களைப் பார்ப்பதையே நான் விட்டுவிடவா?
வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, படம் பார்ப்பதை விட வேண்டாம். ஆனால் தங்கச்சியிடம் இன்றைக்கே மன்னிப்புக் கேளுங்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

உங்கள் கோபம் எனக்குப் பழக்கமானது. 2002இல் சாம் ரைமி எடுத்த ஸ்பைடர்மேன் படத்தை பம்பலப்பிட்டியில் ஒரு தியேட்டரில் பார்த்தேன். காமிக்ஸில் பீட்டர் பார்க்கர், அதாவது முகமூடிக்குள் இருக்கும் ஸ்பைடர்மேன், வலைப் பசையைத் தானே தயாரித்து, அதைப் பீய்ச்சும் கருவியையும் தானே செய்து மணிக்கட்டில் கட்டிக்கொள்வான். கையில் காசில்லாத ஒரு பொடியன் தன் மூளையை மட்டும் நம்பிச் செய்த கருவி அது. சண்டை நடுவில் பசை தீர்ந்துபோகும், அப்போது நமக்கு நெஞ்சு பதறும். படத்திலோ வலை அவன் உடம்பிலிருந்தே வந்தது. காலி வீதி பஸ்ஸில் வீடு வரும்வரை அக்காவிடம் இதைச் சொல்லிச் சொல்லிப் பொருமினேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "பீட்டரின் மாமா செத்த இடத்தில் நீ அழுதாயா இல்லையா?"

அழுதிருந்தேன். தான் தடுக்காமல் தப்பவிட்ட திருடன்தான் மாமாவைக் கொன்றவன் என்று பீட்டருக்குத் தெரியவரும் அந்த இடம், ஸ்பைடர்மேன் முதன்முதலில் வந்த 1962 ஓகஸ்ட் இதழில் எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் பதினொரு பக்கத்தில் சொன்ன கதையின் உயிர். ரைமி அதைக் கைவிடவில்லை. அன்றிலிருந்து எதை மாற்றினார்கள் என்று நான் எண்ணுவதில்லை. எதனால் அவன் ஸ்பைடர்மேன் ஆனானோ அது மிச்சம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

இப்படிப் பார்த்தால் எல்லாப் படமும் தப்பிவிடாது. 'கப்டன் அமெரிக்கா: சிவில் வார்' படம் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2006-07இல் அதே பெயரில் வந்த காமிக்ஸில், சக்தி உள்ள ஒவ்வொருவரும் தங்கள் உண்மையான பெயரை அரசிடம் பதிய வேண்டும் என்று சட்டம் வருகிறது. ஸ்பைடர்மேன் பத்திரிகையாளர்கள் முன்னால் முகமூடியைக் கழற்றித் தன் பெயரைச் சொல்கிறான். அதை நான் கொழும்பில் இருந்து படித்தேன் தம்பி. போர் நடந்துகொண்டிருந்தது, வீட்டில் யார் யார் தங்கியிருக்கிறோம் என்று பொலிஸில் பெயர்களைப் பதிந்து கொடுக்க வேண்டியிருந்த காலம் அது. ஊரிலிருந்து ஒரு சித்தி வந்து இரண்டு நாள் தங்கினாலும் அந்தத் தாளைப் பற்றித்தான் முதலில் கதைப்போம். பெயரைக் கொடுத்தால் பாதுகாப்பா, கொடுக்காவிட்டால் பாதுகாப்பா என்ற கேள்வி எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தது. 2016இல் வந்த படத்தில் அந்தக் கேள்வி, ஐக்கிய நாடுகள் சபை மேற்பார்வைக்கு யார் கையெழுத்திடுவது என்பதாக மாறி, கடைசியில் ஒரு நண்பனைக் காப்பாற்றும் சண்டையாக முடிந்தது. சண்டை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குப் பயம் தந்த விஷயம் அதில் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் கோபப்படுங்கள், நானும் உங்கள் பக்கம்தான்.

அவெஞ்சர்ஸ் கதைகளின் வில்லன் தானோஸ் விஷயத்தில் மட்டும் என்னோடு சண்டைக்கு வரலாம். 1991 காமிக்ஸில் மரணம் என்ற பெண்ணின் காதலுக்காக அவன் பாதி உயிர்களை அழித்தான். 2018 படத்தில், வளங்கள் எல்லோருக்கும் போதாது என்பது அவனுடைய காரணம். எனக்குப் படத்து தானோஸிடம்தான் அதிகம் பயம். நல்லது செய்கிறேன் என்று மனதார நம்புகிறவனிடம் எதைச் சொல்லி நிறுத்துவது?

இன்னொன்று. வீட்டில் 50, 60 வயதில் யாராவது இருந்தால் இரும்புக்கை மாயாவி என்ற காமிக்ஸ் நாயகனைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், முகம் மலரும். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியதே அவரை வைத்துத்தான். ஆனால் அவர் பிறந்தது 1962இல், 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில். அங்கே அவர் பெயர் லூயி கிராண்டல், ஆரம்பத்தில் கெட்டவராகக்கூட இருந்தார். பெயர் மாறி, மொழி மாறி வந்த அவரைத்தான் நம் ஆட்கள் நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். மூலத்தைப் படித்தாயா என்று அவர்களை யாரும் மறிக்கவில்லை. உங்கள் தங்கச்சியையும் மறிக்காதீர்கள்.

அவள் எந்தக் காட்சியைச் சொல்ல ஓடிவந்தாள் என்பதை யோசித்துப் பாருங்கள். 33ஆம் இதழ் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். மேலே மலைபோல இயந்திரம், கூரையிலிருந்து தண்ணீர், பீட்டரை வளர்த்த மே மாமியைக் காப்பாற்றும் மருந்து கண்ணுக்கு எட்டியும் கைக்கு எட்டாத தூரத்தில். டிட்கோ கட்டங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கிக்கொண்டே போவார். படத்தில் மருந்தும் இல்லை, மாமியும் இல்லை. முதலில் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை உதவி கேட்டுக் கத்துகிறான். யாரும் வரவில்லை. தண்ணீரில் தன் முகத்தில் பாதியும் முகமூடியில் பாதியும் தெரிவதைப் பார்த்த பிறகுதான் தூக்குகிறான். காமிக்ஸ் பீட்டர் அந்த வயதைத் தாண்டிவிட்டான். உங்கள் தங்கச்சி அதே வயதில் இருக்கிறாள். அந்தக் கத்தல் அவளுக்குள் எங்கே போய்ப் பட்டது என்று உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் நீங்கள் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டபிறகு அதைக் கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை இதழ் எண் ஒன்றுகூட உங்கள் வாயில் வரக்கூடாது.

நண்பர்களைச் சமாளிப்பது சுலபம். தியேட்டருக்குள் வாயைத் திறக்காதீர்கள். வெளியே வந்து பிளேன்டீ குடிக்கும்போது அவர்களே கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள்.

ஒரு சனிக்கிழமை தங்கச்சியை விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளுக்குக் கூட்டிப்போங்கள். அவளே தேடட்டும். உங்களுக்குப் பிடிக்காத ஒன்றை எடுத்தாலும் காசு நீங்கள்தான் கொடுக்க வேண்டும். எப்போதாவது அவளாகவே மாமாவின் பெட்டியைத் திறந்து 33ஐக் கையில் எடுத்தால், பக்கத்தில் சும்மா இருங்கள். அந்த முழுப்பக்கப் படம் வரப்போகிறது என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.