தேய்ந்த ரோமானிய வெண்கலக் காசுகள்: கேள்வி-பதில்

கேள்வி: 17 மி.மீ. காசு. எழுத்து முழுக்கத் தேய்ந்துவிட்டது. பின்பக்கத்தில் எதிரெதிரே இரண்டு வீரர்கள் மட்டும் மங்கலாகத் தெரிகிறார்கள். காலம் சொல்ல முடியுமா?

பதில்: முடியும். இது 'குளோரியா எக்ஸர்சிட்டஸ்' ('படையின் புகழ்' என்ற லத்தீன் வாசகம்) வகை. வீரர்களுக்கு நடுவே உள்ள படைக்கொடிகளை எண்ணுங்கள். இரண்டு என்றால் கி.பி. 330–335, ஒன்று என்றால் 335–341. கொடி குறைந்தபோது காசும் சிறுத்தது: சுமார் இரண்டரை கிராமிலிருந்து ஒன்றரை கிராம் அளவுக்கு. ஆனால் எடையை வைத்து மட்டும் பிரிக்காதீர்கள். அரிப்பு எடையைத் தின்றிருக்கும். அக்காலத்துப் போலிகளும் ஏராளம். விளக்கைத் தாழ்த்தி, ஒளி பக்கவாட்டில் விழ, காசை மெல்லச் சுழற்றினால் கொடித்தண்டு நிழலாக எழும். எழாவிட்டால் '330–341' என்றே பதியுங்கள். பேரரசர் கான்ஸ்டன்டைனும் மகன்களும் இதே வகையை வெளியிட்டதால், முகத்தைப் பார்த்துப் பெயரை ஊகிப்பது வீண்வேலை.

கேள்வி: பின்பக்கத்தின் அடியில் 'எஸ் எம் ஏ' வரை படிக்க முடிகிறது. அந்தியோக்கியா நகரில் அச்சானதா?

பதில்: அவசரப்படாதீர்கள். 'எஸ் எம்' என்பது 'சாக்ரா மொனேட்டா' (புனித நாணயச்சாலை). அடுத்த 'ஏ' அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா, அக்விலேயா மூன்றுக்கும் பொது. நான்காம் எழுத்து 'என்', 'எல்', 'க்யூ' இவற்றில் எது என்பதுதான் அக்கசாலையை, அதாவது காசு அச்சான இடத்தைச் சொல்லும். அது அழிந்திருந்தால் அந்த இடத்தில் கேள்விக்குறி போடுங்கள்.

கேள்வி: களிம்பைப் புளி போட்டு எடுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். குத்துவிளக்குக்குச் சரி, காசில் எழுத்தே பெரும்பாலும் களிம்புப் படலத்தில்தான் தங்கியிருக்கும். அமிலம் இரண்டையும் சேர்த்துக் கரைத்துவிடும். வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அது வெண்கல நோய்: காசுக்குள் தங்கிய குளோரைடு, ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து உலோகத்தை அரிக்கிறது. அந்தக் காசை மற்றவற்றிலிருந்து விலக்கி, உலர்ந்த சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வைத்து, ஈரப்பதத்தை 35 சதவீதத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு, தொல்பொருள் பாதுகாப்பு வேதியியலாளரிடம் கொடுங்கள். சுத்தம் செய்யும் முன்பும் பின்பும் எடை எடுக்க மறக்காதீர்கள்.

கேள்வி: பதிவு அட்டையில் கட்டாயம் இருக்கவேண்டியவை?

பதில்: அகழாய்வுக் குழி, மண்ணடுக்கு, கண்டெடுப்பு எண்; 0.01 கிராம் துல்லியத்தில் எடை, விட்டம், கடிகார முள் கணக்கில் அச்சுத் திசை (முன்பக்கத்தை ஒப்பிட்டுப் பின்பக்கம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது), கண்ணில் பட்ட எழுத்து மட்டும். ஊகித்து நிரப்பியதைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள்.

கேள்வி: ஒரு கட்டடத்தின் தரைக்கு அடியில் 'சாலுஸ் ரெய்பப்ளிகே' காசு கிடைத்தது. தரை 4-ஆம் நூற்றாண்டா?

பதில்: கைதியை இழுத்துச் செல்லும் வெற்றித் தேவதை உள்ள அந்தச் சிறுகாசு 388-க்குப் பிறகு அச்சானது. தரை அதற்கு முந்தியதல்ல என்பதற்கு மட்டுமே அது சாட்சி. இத்தகைய சில்லறை வெகுகாலம் புழங்கியது. இலங்கையில் ரோமானியக் காசுகளோடு உள்ளூர்ப் போலிகளும் கலந்தே கிடைக்கின்றன. தரை எவ்வளவு பிந்தியது என்ற மேலெல்லையைப் பானையோட்டில் தேடுங்கள்.