வாசகர் கேள்வி பதில்: எம்ஜிபி காரின் எண்ணெய்க் கசிவு

கேள்வி: என்னிடம் 1971-ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (மேற்கூரை திறக்கும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) இருக்கிறது. ஓட்டிவிட்டு நிறுத்தும்போதெல்லாம் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் தேங்குகிறது. கிராங்க்ஷாஃப்டின் (எஞ்சினுக்குள் சுழலும் முக்கியத் தண்டின்) பின்புற ஆயில் சீல் போய்விட்டது, எஞ்சினை வெளியே எடுத்தால்தான் முடியும் என்கிறார் மெக்கானிக். அவர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா?

பதில்: அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் இந்தக் காரில் எஞ்சினை இறக்காமல் அந்தச் சீலைத் தொடவே முடியாது என்பதால், அந்த முடிவுக்குப் போவதற்கு முன் ஒரு சனி, ஞாயிறைச் செலவிட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. நானும் ஒருமுறை இதே பேச்சை நம்பி எஞ்சினை இறக்கி, புதுச் சீல் போட்டு, பூட்டி ஓட்டினேன்; ஒரே வாரத்தில் அதே இடத்தில் அதே கறை வந்து நின்றது. உண்மையில் கசிந்தது பின்பக்க டேப்பெட் கவரின், அதாவது பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள மூடித் தகட்டின், கார்க் கேஸ்கெட். அது எஞ்சினின் இடப்பக்கத்தில், மெனிஃபோல்டுக்கு (காற்றும் புகையும் போகும் குழாய்த் தொகுதிக்கு) பின்னால் மறைந்திருப்பதால் குனிந்து பார்த்தாலும் கண்ணில் படுவதில்லை. அங்கிருந்து வழியும் ஆயில் பிளாக்கை ஒட்டியே பின்னோக்கி இறங்கி, பெல் ஹவுசிங்கின் (எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்சை மூடியிருக்கும் கூட்டின்) அடிமுனைக்கு வந்து சொட்டும். எஞ்சினின் உச்சியில் மூடியிருக்கும் ராக்கர் கவரில் கசிந்தாலும் கடைசியில் வந்து சேரும் இடம் பெரும்பாலும் அதுதான், ஏனென்றால் ஓடும்போது அடிக்கும் காற்று எல்லா ஆயிலையும் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகிறது. ஆகவே தரையில் விழுந்த சொட்டை வைத்துக் கசிவைத் தீர்மானிக்கக் கூடாது. ஈரம் இருக்கும் இடங்களில் எது எல்லாவற்றையும் விட மேலேயும் முன்னேயும் இருக்கிறதோ, அதையே தேட வேண்டும்.

அதற்கு முதலில் எஞ்சினைக் கழுவ வேண்டும். அலுப்பான இந்த வேலையைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். பல வருட அழுக்கின் மீது புதுக் கசிவைத் தேடுவது வீண். எஞ்சின் ஆறியபின் டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரெட்டர்கள், ஆல்டர்னேட்டர் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டிவிட்டு, டிகிரீஸரைப் பூசிப் பிரஷ்ஷால் தேய்த்து, வேகமில்லாத தண்ணீரால் அலசுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு சந்தேகப்படும் இணைப்புகள் எல்லாவற்றின் மீதும் டால்கம் பவுடரை மெல்லிய படலமாகத் தூவுங்கள். எஞ்சினை ஐட்லிங்கில் பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு, டார்ச்சும் சிறு கைக்கண்ணாடியும் கொண்டு பாருங்கள். அதன் பிறகு பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து மறுபடியும் பாருங்கள், ஏனென்றால் நின்றபடி ஓடும்போது காட்டிக்கொடுக்காத கசிவு வேகத்தில் காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளைப் பவுடரில் ஆயில் பட்ட இடம் பழுப்புக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டை விரலால் மேலே தொடர்ந்து போனால் அது தொடங்கும் இடம் கிடைக்கும். என் காரில் அது டேப்பெட் கவரின் கீழ் விளிம்பில், மிளகு அளவுத் துளியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. காருக்கு அடியில் போகும்போது வெறும் ஜாக்கை நம்பாமல் ஸ்டாண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சிறு துளையும், அதில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்பிளிட் பின்னும் இருக்கும். துளை அடைத்துக்கொள்ளாமல் இருக்கவே அந்தப் பின். வெளிப்புறம் நனைந்து, துளை மட்டும் காய்ந்திருந்தால் கசிவு மேலே எங்கோ இருக்கிறது. துளைக்குள்ளிருந்தே ஆயில் சொட்டினால் கோளாறு உள்ளே. அப்போதும் அது கிராங்க் சீல்தான் என்று முடிவு கட்டிவிட முடியாது. இந்தக் காரின் கியர்பாக்ஸிலும் எஞ்சின் ஆயிலையே, அதாவது 20டபிள்யூ-50 வகையையே ஊற்றுகிறோம். ஆகவே நிறத்தையும் வாசனையையும் வைத்து எது எங்கிருந்து வந்தது என்று சொல்வது கடினம். இதற்குத்தான் புற ஊதா ஒளியில் மினுங்கும் சாயம் உதவுகிறது. எண்ணெயில் கரையும் வகையாகப் பார்த்து வாங்கி, எஞ்சினில் மட்டும் கலந்து, சில நாள் ஓட்டிவிட்டு, இருட்டில் மஞ்சள் கண்ணாடி அணிந்து புற ஊதா டார்ச்சை அடித்துப் பாருங்கள். துளையில் நிற்கும் துளி பச்சையும் மஞ்சளுமாகப் பளிச்சென்று தெரிந்தால் அது எஞ்சின் ஆயில். மினுங்காவிட்டால் கியர்பாக்ஸின் முன்பக்கச் சீலைச் சந்தேகியுங்கள்.

வெளியே பார்க்க வேண்டியவற்றில் ராக்கர் கவரை முதலில் பாருங்கள். அதன் இரண்டு நட்டுகளையும் பலம் கொண்டமட்டும் இறுக்கினால் கசிவு நிற்கும் என்று நினைப்பது தவறு. தகடு வளைந்து கார்க் நசுங்கிப் பிதுங்கும். விளிம்பைக் கட்டையின் மீது வைத்து மெல்லத் தட்டி நேராக்கி, புது கேஸ்கெட்டைக் கவரின் பக்கம் மட்டும் ஒட்டி, அளவாக இறுக்கினால் போதும். பிறகு இரண்டு டேப்பெட் கவர்கள். வலப்பக்கத்தில் ஆயில் ஃபில்டரின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். பழைய வளையம் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதியதை வைத்துப் பூட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. பிளாக்கின் வலப்புறப் பின்மூலையில் ஆயில் கூலருக்கும் பிரஷர் கேஜுக்கும் போகும் இணைப்புகள் இருக்கின்றன. சூடான எஞ்சின் ஓடும்போது அங்கே 50 முதல் 80 பிஎஸ்ஐ வரை அழுத்தம் உண்டு. கவர்களின் கசிவு தொல்லை மட்டுமே. இந்தக் குழாய்களில் சிறு கீறல் விழுந்தாலும் ஆயில் பீய்ச்சியடித்து எஞ்சினையே தீர்த்துவிடும் என்பதால் இவற்றை விரலால் மடக்கி, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எல்லா இடத்திலும் லேசாகக் கசிகிறது என்றால் ஒவ்வொரு கேஸ்கெட்டாக மாற்றிக்கொண்டிருக்காமல் பிரீதரை, அதாவது எஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியேறும் வழியை, கவனிக்க வேண்டும். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு வெளியேற வழியில்லாவிட்டால் கிராங்க்ஷாஃப்ட் இருக்கும் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி, நல்ல சீலின் வழியாகவும் ஆயிலைப் பிதுக்கித் தள்ளும். உங்கள் காரில் அந்த வாயு முன்பக்க டேப்பெட் கவரில் உள்ள டப்பா வழியாக ஹோஸ் மூலம் கார்புரெட்டர்களுக்குப் போகிறது. டப்பாவுக்குள் இருக்கும் கம்பி வலையில் கசடு அடைத்துக்கொள்வது வழக்கம். ஐட்லிங்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின் மீது ஒரு துண்டுக் காகிதத்தை வையுங்கள். மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டால் நல்லது. மேலே எழும்பிப் படபடத்தால் டப்பாவைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவுங்கள். கழுவியும் படபடத்தால் கம்ப்ரெஷன் சோதனை செய்து ரிங்குகளின் நிலையைப் பார்க்க வேண்டும். அந்த நிலையில் பின்புறச் சீலை மட்டும் மாற்றுவதில் பயனில்லை.

இத்தனைக்கும் பிறகு சீல்தான் என்று தெரிந்தால் எஞ்சினை இறக்குங்கள். பழைய சீலின் உதடு கிராங்க்ஷாஃப்டில் ஒரு வரிப்பள்ளத்தைத் தேய்த்து வைத்திருக்கும். நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு அது ஆழமாக இருந்தால், புதுச் சீல் வேறு தடத்தில் உட்காரும்படி அதன் ஆழத்தைச் சற்று மாற்றிப் பொருத்தச் சொல்லுங்கள். உதட்டில் ஆயில் தடவாமல் பொருத்தினால் அது மடங்கிவிடும். கியர்பாக்ஸ் முன்சீலையும், கிராஃபைட்டால் ஆன கிளட்ச் ரிலீஸ் பேரிங்கையும் அப்போதே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

கேள்வி: என்னுடையது 1963-ஆம் ஆண்டு எம்ஜிபி. இதில் பின்புற ஆயில் சீலே கிடையாது என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மைதான். 1962-இல் வந்த எம்ஜிபியில் இருந்தது மூன்று பேரிங் எஞ்சின், அதாவது கிராங்க்ஷாஃப்டை மூன்று இடங்களில் தாங்கும் எஞ்சின். 1964 இறுதியில்தான் ஐந்து பேரிங் எஞ்சின் வந்தது. கொள்ளளவு இரண்டிலும் 1798 சிசியே. உங்கள் எஞ்சினில் கிராங்க்ஷாஃப்டின் பின்முனையில் திருகுமரை போல ஒரு சுருள் வெட்டப்பட்டிருக்கிறது. சுழலும்போது அது ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளும். நின்றுவிட்டால் தள்ள ஆளில்லை. ஆகவே நிறுத்தியபின் விழும் சில சொட்டுகளைக் கோளாறாகக் கொள்ள வேண்டியதில்லை. டிப்ஸ்டிக்கின் மேல் குறிக்கு மேலே ஆயில் ஊற்றாதீர்கள், மூக்கு மேலேறிய சரிவில் நிறுத்தாதீர்கள், பிரீதரைச் சுத்தமாக வைத்திருங்கள். அதற்கு மேல் இந்த எஞ்சினோடு சண்டை போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: கசிவை நிறுத்தும் திரவத்தை ஆயிலில் கலக்கலாமா?

பதில்: அது ரப்பர் சீலை ஊதவைத்துச் சில காலம் கசிவைக் குறைக்கக்கூடும். கார்க் கேஸ்கெட்டுக்கும் செம்பு வாஷருக்கும் அதனால் பயனில்லை. மேலே சொன்ன சுருளுக்கு அறவே இல்லை. எங்கே கசிகிறது என்று தெரியும்முன் ஊற்றினால் தடயம் மறைந்துபோவதுதான் மிச்சம்.

கேள்வி: எழுபதுகளின் போர்ஷே 911 வைத்திருக்கிறேன். ஹீட்டரைப் போட்டால் உள்ளே எரிந்த ஆயில் வாசனை வருகிறது. தரையில் சொட்டு மிகக் குறைவு.

பதில்: சொட்டு குறைவாக இருப்பதற்கும் வாசனைக்கும் காரணம் ஒன்றே: கசியும் ஆயில் எக்ஸாஸ்ட் மீது விழுந்து தரைக்கு வருவதற்குள் எரிந்துவிடுகிறது. காற்றால் குளிரும் இந்த எஞ்சினில் ஹீட்டருக்கான காற்று எக்ஸாஸ்டைச் சுற்றியுள்ள உறைகளின் வழியாகவே வருவதால், வாசனையும் அதோடு சேர்ந்து உள்ளே வருகிறது. வால்வு கவர் கேஸ்கெட்டுகளையும், கேம்ஷாஃப்ட் உறையிலிருந்து கிராங்க்கேஸுக்கு ஆயில் திரும்பும் குழாய்களின் ரப்பர் வளையங்களையும் பாருங்கள். பக்கத்துக்கு இரண்டாக நான்கு குழாய்கள் உண்டு. எஞ்சினைப் பிரிக்காமலே பொருத்தும்படி நீண்டு சுருங்கும் மாற்றுக் குழாய்கள் கிடைக்கின்றன. பழையவற்றை நசுக்கித்தான் வெளியே எடுக்க வேண்டியிருக்கும். வேலை முடியும்வரை ஹீட்டரைப் போடாதீர்கள். எக்ஸாஸ்டிலிருந்து புகை எழுவதைக் கண்டால் காரை எடுக்காதீர்கள்.