பாண் யாருடைய சொல்?

அன்புள்ள ஐயா,

என் மகள் பள்ளிக் கட்டுரையில் "காலையில் பாணும் சம்பலும் சாப்பிட்டோம்" என்று எழுதியிருந்தாள். சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போன என் பெரியப்பாவின் மகன், அங்கேயே பிறந்தவர், எங்களைப் பார்க்க வந்திருந்தார். "பாண் சிங்களச் சொல், ரொட்டி என்று எழுது" என்று அவர் திருத்தினார். பிள்ளை குழம்பிப்போனாள். பாண் எங்கிருந்து வந்தது? பணிஸும் அதனுடன் வந்ததுதானா?

வாசகி, ஹட்டன்

அன்புள்ள சகோதரிக்கு,

மகள் எழுதியது சரி. ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம்.

பாண் போர்த்துக்கேயச் சொல். அதற்கு மூலம் இலத்தீன் 'பானிஸ்'. 16ஆம் நூற்றாண்டில் இலங்கைக் கரையில் இறங்கியவர்களிடமிருந்து சிங்களமும் தமிழும் அதை எடுத்துக்கொண்டன. சிங்களத்தில் இருப்பதாலேயே அது சிங்களமாகிவிடாது. அதே சொல்தான் கோவாவில் 'பாவ்' ஆனது. ஜப்பானியர்களும் போர்த்துக்கேயரிடம் கேட்டு இன்றுவரை 'பான்' என்றே சொல்கிறார்கள். இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் கல்லைத் தின்று இரத்தம் குடிக்கிறார்கள் என்று கோட்டை இராச்சியத்தின் அரசனுக்குச் செய்தி போனதாக ராஜாவலிய என்ற சிங்கள வரலாற்று நூல் கூறுகிறது. கல் என்றது பாணை, இரத்தம் என்றது திராட்சை மதுவை.

ரொட்டி மட்டும் தமிழா? அதுவும் வடக்கிலிருந்து வந்த சொல்தான். ஆனால் என் வாதம் அதுவல்ல. நம் தோட்டத்து லயங்களில் ரொட்டி என்றால் கோதுமை மாவில் தேங்காய்ப்பூ சேர்த்துப் பிசைந்து, கையால் தட்டி, கல்லில் சுட்டெடுப்பது. பாண் அடுப்பில் தட்டிச் சுடுவதல்ல. புளித்த மா போறணை என்ற சூளையடுப்பில் நெருக்கி வைக்கப்பட்டு, வேகும்போது பொங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தெடுத்தால் மேலே பழுப்புத் தோலும் பக்கங்களில் இழை இழையாகப் பிய்ந்த வெள்ளையும் தெரியும். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், உங்கள் மகள் அன்று காலையில் என்ன சாப்பிட்டாள் என்று ஹட்டனில் யாருக்கு விளங்கும்? உங்கள் பெரியப்பாவும் கப்பலேறும்வரை பாண் என்றுதான் சொல்லியிருப்பார்.

போறணையும் போர்த்துக்கேயம்தான், அவர்களுடைய 'ஃபோர்னோ'. கடையில் "அரை இறாத்தல் பாண்" என்று கேட்கிறோமே, அந்த இறாத்தலின் வேர் அரபு 'ரத்ல்'. மற்றதெல்லாம் கிலோவுக்கு மாறிவிட்ட பிறகும் 450 கிராம் பாணை நாம் இறாத்தல் என்றே சொல்கிறோம்.

இனி பணிஸ். இலத்தீன் 'பானிஸ்' காதில் அப்படியே ஒலிப்பதால் இரண்டையும் இணைக்கத் தோன்றும். தொடர்பில்லை. ஆங்கில 'பன்' என்பதன் பன்மை 'பன்ஸ்' நம் வாயில் பணிஸாகி, ஒருமையாகவும் ஆகிவிட்டது. அதனால்தான் கூச்சமின்றி "இரண்டு பணிஸ்" என்கிறோம். சீனி தூவிய நீளமான கிம்புலா பணிஸில் மட்டும் உங்கள் அண்ணன் தேடிய சிங்களம் உண்மையாகவே இருக்கிறது. கிம்புலா என்றால் முதலை. அதையும் மகள் கட்டுரையில் தாராளமாக எழுதலாம்.

அன்புடன்.