தாடி, தங்கப் பட்டை, முல்லைப்பூ: விமானியின் தோற்றம் பற்றி வாசகர் கேட்டவை

சென்ற இதழில் விமானிப் பயிற்சிக்கான கல்வித் தகுதியைப் பற்றியும் செலவைப் பற்றியும் எழுதியபோது, வரும் கடிதங்கள் எல்லாம் வங்கிக் கடனைப் பற்றித்தான் கேட்கும் என்று எண்ணியிருந்தேன். வந்தவற்றில் பெரும்பகுதி தாடி, நிறம், மூக்குத்தி, காலணி என்று தோற்றத்தையே கேட்டிருந்தன. ஓய்வுபெற்றுக் காட்பாடிக்கே திரும்பிவிட்ட பழைய விமானி என்ற முறையில் விடை கூறுகிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

என் மகன் வணிக விமானி உரிமம் பெற்றுவிட்டான். சீராகக் கத்தரித்த குறுந்தாடி வைத்திருக்கிறான். ஒரு விமான நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில், தாடியோடு ஆக்சிஜன் முகமூடி பொருந்தாது, மழித்துவிட்டு வந்தால் மேற்கொண்டு பேசலாம் என்றார்களாம். உங்களிடமே தாடி வைத்த சீக்கிய விமானிகள் இருக்கிறார்களே என்று இவன் கேட்டதற்கு, அது வேறு என்று முடித்துவிட்டார்களாம். இது நியாயமா ஐயா? (வாசகி, குடியாத்தம்)

முதலில் முகமூடியின் கதையைச் சொல்லிவிடுகிறேன் அம்மா. அதில் உண்மையும் இருக்கிறது. 35,000 அடி உயரத்தில் விமானத்தின் உள்ளழுத்தம் திடீரென்று போய்விட்டால், ஆக்சிஜன் இல்லாத மனிதன் தெளிவாகச் சிந்தித்துச் செயல்படக்கூடிய நேரம் ஏறத்தாழ அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரைதான். ஆகவே விமானியின் முகமூடியை ஒரே கையால், 5 விநாடிக்குள் அணிந்துவிட முடிய வேண்டும் என்பது விதி. இருக்கையின் பக்கவாட்டில் ஒரு சிறு பெட்டிக்குள் அது மடிந்து கிடக்கும். இரண்டு சிவப்பு நாக்குகளை விரல்களால் அழுத்திக்கொண்டு வெளியே இழுத்தால், அதன் ரப்பர்க் குழாய்கள் காற்று நிரம்பிப் புடைத்து, தலையைவிடப் பெரிய வளையமாக விரிந்துகொள்ளும். அதைத் தலைக்கு மேல் கொண்டுவந்து பிடியை விட்டதும், காற்று இறங்கி, குழாய்கள் சுருங்கி, முகமூடி முகத்தோடு இறுகும். முதன்முறை பயிற்சியில் அணிந்தபோது யாரோ பின்னாலிருந்து தலையைப் பிடித்து அழுத்துவது போலவே எனக்கு இருந்தது.

அந்த விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே மயிர் இருந்தால் ஆக்சிஜன் கசியலாம். அதைவிட, விமானி அறையில் புகை சூழ்ந்த நேரத்தில் அந்தப் புகை உள்ளே நுழையலாம் என்பதுதான் தாடிக்கு எதிரான வாதம். 1987-ஆம் ஆண்டில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இதற்கென்றே ஓர் ஆலோசனைச் சுற்றறிக்கை வெளியிட்டு, தாடி முகமூடியின் திறனைக் குறைக்கக்கூடும் என்று எச்சரித்தது. உலகெங்கும் நிறுவனங்கள் அதைப் பிடித்துக்கொண்டன.

ஆனால் கதை அங்கேயே நின்றுவிடவில்லை. ஏர் கனடா நிறுவனத்திற்காகக் கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தார், பல நீளங்களில் தாடி வைத்தவர்களை அழுத்தம் குறைந்த அறைக்குள் அமர்த்திச் சோதித்துப் பார்த்தார்கள்; இன்றைய முகமூடிகளில் தாடியால் பாதிப்பு ஏதும் தென்படவில்லை. 2018-இல் அந்த நிறுவனம் தன் விமானிகள் 12.5 மில்லிமீட்டர் வரை தாடி வைத்துக்கொள்ளலாம் என்று விதியை மாற்றியது. இன்றைய முகமூடிகளில், அவசர நிலைக்குத் திருகியதும் உள்ளே அழுத்தத்தோடு ஆக்சிஜன் பாயும். சிறிது இடைவெளி இருந்தாலும் காற்று உள்ளிருந்து வெளியேதான் தள்ளும். நம் நாட்டில் சீக்கிய விமானிகள் பல்லாண்டுகளாகத் தாடியோடு பறந்து வருவதை உங்கள் மகன் சரியாகவே சுட்டிக்காட்டியிருக்கிறார். உரிமம் தருவது அரசு. அந்த அரசு தாடியைப் பார்த்து உரிமத்தை மறுப்பதில்லை.

ஆகவே அந்த நேர்முகத் தேர்வில் நடந்தது பாதுகாப்பு பற்றிய பேச்சன்று, தோற்றம் பற்றிய பேச்சு. தோற்றத்திற்கு விதி வைக்கும் உரிமை நிறுவனத்திற்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை; படைகளில் அது இன்னும் கடுமை. விமானப்படையின் தாடி விதியை 2016-இல் உச்ச நீதிமன்றமே சரியென்று ஏற்றது. ஆனால் "எங்கள் சீருடைக்கு மழித்த முகம்தான் பொருந்தும் என்று கருதுகிறோம்" என்று நேராகச் சொல்லாமல், முகமூடியின் பின்னால் ஒளிந்துகொண்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பொய்க் காரணத்தோடு வரும் விதியை இளைஞர்கள் மதிப்பதில்லை. அதைப் பார்த்து, உண்மைக் காரணம் உள்ள விதியையும் சேர்த்து அலட்சியம் செய்யத் தொடங்குகிறார்கள்.

வேலூர்க்காரர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1805 நவம்பரில் சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த சர் ஜான் கிரடக், பணியில் நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையைத் திருத்த வேண்டும் என்று ஆணையிட்டார். தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகை ஒன்றும் சேர்ந்து வந்தது. ஒழுங்கான தோற்றம் என்பதைத் தவிர அதற்குச் சொல்லக்கூடிய காரணம் எதுவும் இருக்கவில்லை. 1806 ஜூலை 10 அன்று நம் கோட்டைக்குள் வெடித்த புரட்சிக்குக் காரணங்கள் வேறு பலவும் உண்டு என்றாலும், அந்த ஆணைக்கு அதில் முதன்மையான இடம் உண்டு. பின்னர் ஆணையும் திரும்பப் பெறப்பட்டது, தளபதியும் திருப்பி அழைக்கப்பட்டார்.

உங்கள் மகனுக்கு நான் சொல்வது: இப்போதைக்கு மழித்துக்கொள்ளட்டும். வேலையில் சேராமல் கழிகிற ஒவ்வொரு மாதமும் கைப்பழக்கத்தைக் குறைக்கும். தாடி பதினைந்து நாளில் வளர்ந்துவிடும். விதியை மாற்றக் கேட்பதற்கு உள்ளே இருப்பவரின் குரலுக்குத்தான் வலு அதிகம்.

விமானிகள் கடற்படையினர் போல உடுத்துவது ஏன்? தோளில் உள்ள தங்கப் பட்டைகளின் கணக்கு என்ன? நான் ஷூ தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். அவர்களுடைய காலணிக்கும் விதி உண்டா என்று அறிய ஆவல். (வாசகர், ஆம்பூர்)

தொடக்க கால விமானிகள் உங்கள் தொழிலுக்கு நெருக்கமானவர்கள். திறந்த இருக்கையில் குளிர்காற்றை நேரே முகத்தில் வாங்கியபடி பறந்ததால், தோல் சட்டை, தோல் தொப்பி, கண்ணைக் காக்கும் கண்ணாடி என்று உடுத்தினார்கள். விளம்பரத்துக்கு அது வீரமாக இருந்தது. டிக்கெட் வாங்கி ஏறுகிறவருக்கோ, சாகசக்காரனிடம் உயிரை ஒப்படைக்கிறோமோ என்ற அச்சம். 1930-களில் பான் அமெரிக்கன் நிறுவனம், நீரில் இறங்கும் பெரிய விமானங்களைக் கடல்கடந்து ஓட்டத் தொடங்கியபோது, விமானிகளுக்குக் கடற்படை அதிகாரிகளைப் போன்ற கருநீலக் கோட்டும் வெள்ளைத் தொப்பியும் கொடுத்தது. கப்பலின் தலைவரைக் குறிக்கும் 'கேப்டன்' என்ற பெயரும் விமானத்தில் நிலைத்தது. கப்பலில் ஏறுவது போன்ற நம்பிக்கையைப் பயணிக்கு ஊட்டுவதே நோக்கம். அந்த உத்தி பலித்ததால் உலகமே அதைப் பின்பற்றியது.

கேப்டனுக்கு நான்கு பட்டை, துணை விமானிக்கு மூன்று என்பது பொது வழக்கம்; புதிதாகச் சேர்ந்தவருக்கு இரண்டு கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. அரக்கோணத்தில் 1992-இல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத்தளத்துப் பக்கம் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். கடற்படை அதிகாரியின் மேல் பட்டையில் ஒரு வளையம் சுழித்திருக்கும். பயணிகள் விமானத்தின் விமானிக்குப் பெரும்பாலும் நேர்ப் பட்டைகள்தாம். நாங்கள் இரவல் வாங்கியவர்கள் என்பதை அந்தச் சுழி இல்லாத பட்டை சொல்லிவிடுகிறது.

காலணியைப் பொறுத்தவரை, பளபளப்பான கறுப்புத் தோல் ஷூ என்பது ஏறக்குறைய எல்லா நிறுவனங்களின் கையேட்டிலும் இருக்கும். இதில் அழகு பாதி, பயன் பாதி. விமானியின் காலடியில் உள்ள பெடலின் மேற்பகுதியை அழுத்தினால் சக்கரத்தின் பிரேக் பிடிக்கும். தடித்த, மெத்தென்ற அடிப்பாகம் இருந்தால் எவ்வளவு அழுத்துகிறோம் என்ற உணர்வு மழுங்கிவிடும். தீ விபத்தில் செயற்கை இழைகள் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், தோல் காலணி அப்படிச் செய்யாது. அடிப்பாகத்தினுள் இரும்புத் தகடு வைத்துத் தைத்துவிட்டால்தான் சங்கடம்: விமான நிலையத்துச் சோதனை வாயிலில் ஒவ்வொரு நாளும் மணி அடிக்கும், ஒவ்வொரு நாளும் கழற்ற வேண்டும். இதை உங்கள் வடிவமைப்பாளரிடம் சொல்லிவையுங்கள்.

கதவை மூடிக்கொண்டு உள்ளே அமர்ந்திருப்பவரை யார் பார்க்கப்போகிறார்கள்? டையும் தொப்பியும் வெறும் பகட்டல்லவா? (வாசகர், வேலூர் சத்துவாச்சாரி)

நானும் இளமையில் அப்படித்தான் வாதிட்டேன். துணை விமானியாக இருந்தபோது ஒருநாள் சென்னையில் அடைமழை. பயணிகளை ஏற்றிய பிறகு இரண்டு மணி நேரத் தாமதம். புழுக்கம் தாங்காமல் டையைக் கழற்றி, தோள்பட்டைகளையும் உருவிப் பையில் போட்டுவிட்டு, ஈரம் படிந்த வெள்ளைச் சட்டையோடு பயணிகளிடம் போய் நின்று தாமதத்தை விளக்கினேன். மூன்றாவது வரிசையில் இருந்த பெரியவர் நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, நீங்க போய் பைலட்டை வரச் சொல்லுங்க" என்றார். கேப்டன் கோட்டின் பொத்தான்களைப் போட்டு, தொப்பியை அணிந்துகொண்டு வந்து, நான் சொன்ன அதே நான்கு வாக்கியங்களைச் சொன்னார். கூச்சல் அடங்கிவிட்டது. அன்றைக்கு எனக்கு வெட்கமும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. இன்றும் அந்த எரிச்சல் முழுதாகப் போகவில்லை. உடைக்கு அவ்வளவு மதிப்புக் கொடுப்பது சரியா என்பது வேறு கேள்வி. ஆபத்து நேரத்தில் "எல்லோரும் இந்தப் பக்கம் வாருங்கள்" என்று சொல்கிறவரைக் கூட்டம் ஒரு நொடியில் அடையாளம் காண வேண்டியிருக்கிறது என்பது மட்டும் உறுதி. பறக்கும்போது கோட்டையும் தொப்பியையும் கழற்றி மாட்டிவிடுவோம். பட்டைகள் சட்டையின் தோளிலும் இருப்பது அதனால்தான்.

பெண் விமானிகள் பொட்டு, மூக்குத்தி, பூ வைத்துக்கொள்ளலாமா? முடியை வெட்டிக்கொள்ள வேண்டுமா? (கல்லூரி மாணவி, காட்பாடி)

1936-இல் சரளா தக்ரால் லாகூரில் புடவை கட்டிக்கொண்டே ஜிப்சி மாத் விமானத்தைத் தனியாக ஓட்டினார் என்பதை முதலில் நினைவில் வைத்துக்கொள் அம்மா. இன்று பெண் விமானிகளின் பங்கு மிக அதிகமாக உள்ள நாடுகளில் நம் நாடும் ஒன்று. நிறுவனங்களும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டு வருகின்றன.

முடியை வெட்ட வேண்டியதில்லை. நான் மேலே விவரித்த முகமூடியின் குழாய்கள் பின்னந்தலையைச் சுற்றி இறுகும். உச்சியில் கொண்டை இருந்தால் அது வழுக்கும், காதுபேசியின் வளைவும் சரியாக உட்காராது. பிடரிக்கருகே தாழ்வாகக் கொண்டை போட்டுக்கொள்வது நல்லது. தொங்கும் காதணிகள் காதுபேசியில் மாட்டும். ஒட்டிய சிறு மூக்குத்தி முகமூடிக்குள்ளேயே அடங்கிவிடும், வளையமும் பெரிய கற்களும் அப்படி அடங்கா. பொட்டு, திருநீறு ஆகியவற்றுக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் வழக்கம் வேறுபடுகிறது. சேருமுன் கையேட்டைக் கேட்டுப் படித்துவிடு. பூ சீருடையோடு நடக்காது. பணி முடிந்து காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கியதும் முதல் வேலையாக முழம் முல்லை வாங்கி வைத்துக்கொள், யார் தடுப்பார்!

நான் நல்ல கறுப்பு. முகத்தில் பருத் தழும்புகளும் உண்டு. நிறத்தையும் முகத்தையும் மெருகேற்றும் பயிற்சி எடுத்தால்தான் விமானி ஆக முடியும் என்று ஒருவர் பெரும் தொகை கேட்கிறார். (வாசகர், ஆற்காடு)

கொடுக்காதீர்கள். விமானிக்கான மருத்துவப் பரிசோதனையில் கண், காது, இதயம், இரத்தம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். நிறத்துக்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. தழும்புக்கும் அப்படியே. மடிப்புக் கலையாத சட்டை, வெட்டிய நகம், துடைத்த ஷூ ஆகிய மூன்றுக்கும் பயிற்சிக் கட்டணம் எதற்கு? அந்தப் பணத்தைப் பயிற்சி மணிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வணிக உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்தாக வேண்டும், ஒவ்வொரு மணிக்கும் செலவு உண்டு.

விமானிகள் சென்ட் பூசக் கூடாது என்கிறார்களே, உண்மையா? (வாசகர், ராணிப்பேட்டை)

பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் மது கூடாது என்பதும், புறப்படுமுன் ஊதிக்காட்டும் சோதனை உண்டு என்பதும் தெரிந்ததே. வாய் கொப்பளிக்கும் திரவம் போன்றவற்றில் ஆல்கஹால் இருந்தால் அந்தக் கருவி குற்றம் சாட்டிவிடும் என்பதால், 2023-இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வெளியிட்ட வரைவு விதியில் மௌத்வாஷ், பற்பசைக் கூழ் இவற்றோடு வாசனைத் திரவியத்தையும் சேர்த்திருந்தார்கள். செய்தித்தாள்கள் அந்தக் கடைசிச் சொல்லைத்தான் தலைப்பாக்கின. எப்படியும் பூட்டிய சிறிய அறையில் நான்கு மணி நேரம் பக்கத்தில் உட்கார வேண்டியவரின் மூக்கையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கண்ணாடி அணிந்தவர் விமானி ஆகலாமா? திரைப்படங்களில் போல் கறுப்புக் கண்ணாடியும் சீருடையில் சேர்ந்ததா? (பள்ளி மாணவர், வாலாஜா)

ஆகலாம் தம்பி. கண்ணாடியோடு பார்வை உரிய அளவுக்குச் சரியாகிவிட்டால் போதும். இன்னொரு மாற்றுக் கண்ணாடியைக் கட்டாயம் கையோடு வைத்திருக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடி சீருடையின் பகுதியன்று, வெயிலுக்காகப் போடுவது. வாங்கும்போது 'போலரைஸ்டு' என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. அதை மாட்டிக்கொண்டு பார்த்தால் விமானத்தின் மின்னணுத் திரைகள் சில கோணங்களில் இருண்டுபோகும். உன் கைப்பேசியை எதிரே பிடித்து மெதுவாகத் திருப்பிப் பார், அதிலேயே தெரியும்.