சவரிமுத்து, சின்னப்பன், அருளப்பன்: இவை தமிழ்ப் பெயர்களா, கிறிஸ்தவப் பெயர்களா?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்த தங்கள் பாட்டனாரின் பெயர் சவரிமுத்து என்றும், அது தமிழா வேற்றுமொழியா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும்தான்.

சவரி என்பது புனித பிரான்சிஸ் சவேரியாரைக் குறிக்கிறது. 1506இல் இன்றைய ஸ்பெயினின் நவார் பகுதியில், சேவியர் என்னும் கோட்டையில் அவர் பிறந்தார். அந்த ஊர்ப் பெயரே அவருக்கும் நிலைத்தது. பாஸ்க் மொழியில் அதன் மூலமான எச்செபெரி என்பதற்குப் 'புது வீடு' என்று பொருள். ஆக, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையான லயக் காம்பராவில் வாழ்ந்த ஒருவர் தமது பெயரிலேயே ஒரு புது வீட்டையும், அதனோடு நம்மவர் ஆசையாகச் சேர்த்த முத்தையும் சுமந்திருக்கிறார்!

சின்னப்பன், அருளப்பன் என்ற மற்ற இரண்டும் வேறு வகை. அவற்றில் ஒலியை விட்டுவிட்டுப் பொருளை எடுத்துக்கொண்டார்கள். பவுல் என்பதன் இலத்தீன் மூலமான பவுலுஸ் 'சிறியவர்' எனப் பொருள்படுவதால், அவர் சின்னப்பர் ஆனார். யோவான் என்பதன் எபிரேய மூலத்துக்குக் 'கடவுள் அருள்கூர்ந்தார்' என்று பொருள், அதனால் அருளப்பர். சின்னப்பன் என்ற பெயரை இந்துக் குடும்பங்களும் வைப்பதுண்டு என்பதால், பெயரை மட்டும் வைத்து மதத்தைத் தீர்மானிக்க முடியாது.

பிறப்புச் சான்றிதழைத் தேடும்போது சவரி, சவுரி, சவிரி என எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். எங்கள் வீட்டில் ஒரே ஆளுக்கு மூன்று பத்திரங்களில் மூன்று பெயர்கள் இருக்கின்றன.