பில்லட் என்னும் சொல் – கடிதம்

வணக்கம் ஐயா,

கணபதியில் ஒரு பவுண்டரியில் பேட்டர்ன் பிரிவில், அதாவது வார்ப்புக்கு மணலில் அச்சு பதிக்கும் மாதிரியைச் செய்யும் பிரிவில் வேலை செய்கிறேன். பம்ப் பாடிக்கு வரும் டிராயிங்கில் கீழே ஒரு வரி இருக்கும்: குறிப்பிடாத இடங்களில் பில்லட் (fillet) 3 மி.மீ. உள்மூலையை நிரப்பி வளைவாக்குவதால் ‘ஃபில்’ என்பதிலிருந்து வந்த சொல் என்றுதான் நினைத்திருந்தேன். புதிதாக வரும் பையன்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். என் மகன் கேட்டரிங் படிக்கிறான். மீனில் முள்ளில்லாமல் அறுத்தெடுக்கும் சதைக்கும் பில்லட் என்றுதான் பேர் என்கிறான். மீனில் எதை நிரப்புகிறார்கள்? இரண்டும் ஒரே சொல்தானுங்களா? தமிழில் என்ன சொல்லலாம் என்றும் எழுதினால் பட்டறையில் உதவியாக இருக்கும்.

(பெயர் வேண்டாம்)
கோவை

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே சொல்தான். ஆனால் ‘ஃபில்’லுக்கும் அதற்கும் உறவில்லை. நிரப்புவதைச் சொல்லும் ஃபில் ஜெர்மானியக் குடும்பத்துச் சொல். ‘ஃபுல்’ அதன் கூடப்பிறந்தது. பில்லட் லத்தீனில் தொடங்கி பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. லத்தீனில் ஃபீலும் என்றால் நூல். பிரெஞ்சில் அது சுருங்கி, சிறு நூல், மெல்லிய நாடா என்ற பொருளில் இந்தச் சொல்லைக் கொடுத்தது. பழைய குண்டு பல்புக்குள் எரிந்த ஃபிலமென்ட், திருப்பூரில் தினமும் காதில் விழும் ஃபிலமென்ட் நூல், ஆபீஸ் ஃபைல் எல்லாம் இதே வேர். காகிதங்களை நூலில் கோர்த்து வைத்த காலத்தில் பிறந்தது ஃபைல். உங்கள் மேஜையில் கிடக்கும் அரத்துக்கும் ஃபைல் என்றுதான் பேர். அது மட்டும் வேறு வீட்டுப் பிள்ளை.

ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டு வாக்கில் பில்லட் என்றால் தலையில் கட்டும் நாடா. பழைய ரோமில் பூசாரிகளும் வெஸ்டா என்ற தெய்வத்தின் கோயில் கன்னியரும் கம்பளி நாடா கட்டுவார்கள். பலிக்குக் கொண்டுபோகும் மாட்டின் தலையிலும் சுற்றுவார்கள். லத்தீனில் அதற்கு விட்டா என்று பேர், ஆங்கிலத்தில் எழுதும்போது பில்லட் என்பார்கள். நம்மிடம் இதற்கு ஈடானது பட்டம். நெற்றியில் கட்டிய பொன்தகடு பட்டம், அதைக் கட்டியதால் கிடைத்த பதவி பட்டம், கல்லூரியில் வாங்குவதும் பட்டம். கொங்கு நாட்டில் பட்டக்காரர் என்று மரியாதையாகச் சொல்கிறோமே, அந்தப் பேருக்குள்ளும் இந்த நெற்றிப் பட்டைதான் இருக்கிறது.

நாடாவிலிருந்து பட்டைக்குப் போவது சின்னத் தாவல். ஒடுக்கமாக, நீளமாக எது இருந்தாலும் அந்தந்தத் தொழில்காரர்கள் இந்தப் பேரை வைத்துக்கொண்டார்கள். கிரேக்கக் கட்டடங்களில் அயோனிக் என்ற பாணித் தூணில் மேலிருந்து கீழாக 24 பள்ளங்கள் ஓடும். இரண்டு பள்ளத்துக்கு நடுவே விடும் தட்டையான கோடு பில்லட். டோரிக் என்ற இன்னொரு பாணித் தூணில் பள்ளங்கள் கூர்விளிம்பில் முட்டிக்கொள்ளும், அங்கே பில்லட் கிடையாது. நம் கோயில் அடித்தளங்களில் பெரிய பட்டைகளுக்கு இடையே வரும் மெல்லிய கல்வரியைக் கம்பு என்பார்கள், கிட்டத்தட்ட அதே வேலை. தோல் அட்டை போட்ட புத்தகத்தில் சூடான சக்கரத்தை உருட்டிப் பதிக்கும் கோட்டுக்கும் பில்லட் என்றே பேர்.

இனி உங்கள் மகனின் மீன். எலும்பில்லாத கறியைச் சுருட்டி நூலால் கட்டிச் சமைத்ததால் இந்தப் பேர் வந்தது என்று ஒரு விளக்கம், நாடா போல நீளமாக அறுத்ததால் என்று இன்னொன்று. மீனைப் பொறுத்தவரை நடுமுள்ளை ஒட்டிக் கத்தியை வாலுக்கு ஓட்டி, பக்கத்துக்கு ஒன்றாகச் சதையை எடுப்பார்கள். நம் வீடுகளில் இந்த வெட்டு இல்லாததற்குக் காரணம் உண்டு. பவானிசாகரிலிருந்தும் மேட்டூரிலிருந்தும் வரும் கட்லா, ரோகு கெண்டை இனத்து மீன்கள். அவற்றின் சதைக்குள்ளேயே கவட்டை மாதிரி மெல்லிய முட்கள் இருக்கும். நடுமுள்ளை எடுத்தாலும் அவை போகாது. குறுக்கே துண்டு போட்டுக் குழம்பு வைப்பதுதான் அந்த மீனுக்குச் சரி.

உங்கள் பில்லட்டுக்கு வருகிறேன். நூலும் நாடாவும் எப்படி உள்மூலை வளைவாயிற்று? விடை உங்கள் பேட்டர்ன் பிரிவிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். மரப் பேட்டர்னில் இரண்டு பலகை சேரும் உள்மூலையில் மெழுகாலோ தோலாலோ ஆன நீளமான பட்டையை வைத்து, நுனியில் உருண்டை உள்ள கருவியால் அழுத்திப் படிய வைப்பார்கள். கையில் எடுக்கும்போது அது ஒரு நாடாதான். மூலையில் உட்கார்ந்த பிறகுதான் வளைவு. தச்சர்களும் மூலையில் அடிக்கும் சிறு சட்டத்தை இதே பேரால் சொன்னார்கள். இன்று கம்ப்யூட்டரில் விளிம்பைத் தொட்டு 3 என்று அடித்தால் வளைவு வந்துவிடுகிறது. பட்டை போய்விட்டது, பேர் மட்டும் தங்கிவிட்டது.

பையன்களுக்குச் சொல்ல வேண்டியது சொல்லின் கதையை விட வளைவின் காரணம். பேட்டர்னின் உள்மூலை மணலில் வெளிமூலையாக விழும். கூராக விட்டால் உருகிய இரும்பு பாயும்போது அந்த மணல் முனை உதிர்ந்து வார்ப்புக்குள் கலக்கும். இறுகும்போது கூர்மூலையில் இழுவை குவிந்து விரிசலும் விடும். அதற்காகப் பில்லட்டைத் தாராளமாகப் போட்டாலும் வம்புதான்: அந்த இடம் தடித்து, கடைசியாக இறுகி, உள்ளே பொந்து விழும்.

லேத்திலும் இதே கதை. பம்ப் ஷாஃப்டில் விட்டம் மாறிப் படி விழும் இடத்தைக் கூராகக் கடைந்தால், ஷாஃப்ட் சுற்றச் சுற்ற அங்கேதான் விரிசல் தொடங்கும். ஆனால் அங்கே வைக்கும் வளைவு பேரிங்கின் மூலைச் சரிவை விடப் பெரிதாக இருக்கக் கூடாது. 6205 என்ற எண்ணுள்ள பேரிங் என்றால் 1 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. போனால் பேரிங் படியில் ஒட்டி உட்காராது, வளைவின் மேல் ஏறி நிற்கும். ஆள் புதிதென்றால் ஒரு கழிவு ஷாஃப்டில் இதைக் காட்டிவிடுங்கள், உடனே புரியும்.

தமிழ்ப் பேர் கேட்டிருக்கிறீர்கள். பாடமாக எழுதும்போது ‘உள்மூலை வளைவு’ போதும், படித்தவுடன் இடமும் வடிவமும் தெரிகிறது. பேச்சில் பில்லட்டே இருக்கட்டும். டிராயிங்கிலும் வெல்டிங் பிரிவிலும் அதுதான் வரப்போகிறது, பையன்கள் அதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். அளவுக்கு மட்டும் பட்டறையில் ஏற்கெனவே நல்ல தமிழ் இருக்கிறது. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நாம் நூல் என்கிறோம். மூணு நூல் கம்பி, ஆறு நூல் பைப் என்று யாரும் யோசிக்காமல் சொல்கிறார்கள். ஒரு நூல் 3.175 மி.மீ. உங்கள் டிராயிங்கின் கடைசி வரியில் இருக்கும் 3 மி.மீ. பில்லட்டை ‘ஒரு நூல் பில்லட்’ என்று சொன்னால், மூத்த கொத்தனாருக்கும் தச்சருக்கும்கூட அளவு கண்முன் வந்துவிடும்.

அன்புடன்.